ஏஐ போட்ட பந்தல் யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் 22 ஆண்டுகளாகத் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கிறேன். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் கைப்பேசியை நீட்டி, "அண்ணே, ஏஐயில போட்டேன். எழுத்தை மட்டும் சரி பண்ணிக் கொடுங்க" என்றார். வாழைமரம், பந்தல், மாவிலைத் தோரணம் எல்லாம் அமர்க்களம். நாதசுரக்காரருக்கு மட்டும் இடக்கையில் ஆறு விரல். வாயில் வைத்து ஊதும் சீவாளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிண்ணம். 'அழைப்பிதழ்' என்பதில் ழகரத்தின் சுழி மேலே ஏறிக்கொண்டிருந்தது. சரிசெய்ய மூன்று இரவு பிடித்தது.

வாங்கிக்கொண்டவர், "இதை வேற யாரும் எடுத்துப் போட முடியாதுல்ல? காப்புரிமை எனக்குத்தானே?" என்றார். (படத்துக்கு இருப்பது பதிப்புரிமை, காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு. பலரும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.)

என்னால் 'ஆமாம்' சொல்ல முடியவில்லை. குதிரைப் பந்தய இதழ்கள் தொடர்பான வழக்கில் நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல், ஒரு தொகுப்புக்குப் பதிப்புரிமை வேண்டுமென்றால் அதைப் படைத்தவர் மனிதராக இருக்க வேண்டும் என்றது. அப்போது ஏஐ பேச்சே இல்லை. ஆனாலும் அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கருவி போட்ட பந்தலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நான் வரைந்த விரலுக்கும் எழுத்துக்கும் வேண்டுமானால் உரிமை கேட்கலாம்.

மறுபக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 244ஆம் பிரிவு, முறைப்படி பார்க்கக் கிடைத்த படைப்புகளைக் கணினிப் பகுப்பாய்வுக்காக, அதாவது ஏஐ கருவியைப் பழக்குவது போன்ற வேலைக்காக, படியெடுக்க அனுமதிக்கிறது. வணிகத்துக்கும் தடையில்லை. 'கூடாது' என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாலும் செல்லாது. என் தளத்திலுள்ள பழைய அழைப்பிதழ்களை இங்கே ஒரு நிறுவனம் கருவிக்கு ஊட்டினால் நான் என்ன செய்ய முடியும்? ஆய்வு வளர இந்தச் சலுகை தேவை என்பது புரிகிறது. அவசரத்துக்கு நானும் ஏஐயிடம் வண்ணம் கேட்பவன்தான். ஆனால் கொடுத்தவனுக்கு ஒரு வெள்ளிகூட வராத ஏற்பாட்டை நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை.

இப்போது ரசீதில் கையால் வரைந்தது எது, கருவி தந்தது எது என்று எழுதித் தருகிறேன். சமூக மன்றச் சுவரொட்டிப் போட்டிகளின் படிவத்திலும் இதற்கு ஓர் இடம் வைக்கலாம். அந்த வாடிக்கையாளர் ரசீதைப் படித்துவிட்டு, பந்தலையும் கையாலேயே வரைய எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
அழைப்பிதழ் வடிவமைப்பாளர்,
ஈசூன்