கந்தரோடைக்குக் காசு வாங்கினீர்கள், கூட்டிக்கொண்டு போகவில்லை

இதை வாசிக்கிற வாடிக்கையாளர் பிரிவினருக்கு வணக்கம்.

ஓகஸ்ட் 10ஆம் திகதி உங்களுடைய யாழ்ப்பாண ஒருநாள் சுற்றுலாவில் நாங்கள் ஏழு பேர் போனோம். வானுக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து 42,000 ரூபா, முழுக்காசும் முதலே கட்டியாயிற்று. கோட்டை, நல்லூரில் மந்திரிமனையும் சங்கிலியன் மன்னனின் தோரண வாசலும், கந்தரோடையில் பழைய பௌத்தத் தாதுகோபங்கள், பின்னேரம் கசூரினா கடற்கரை என்று நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு யாழ்ப்பாணம் பார்க்க எதற்கு உங்களிடம் வந்தேன் என்று நினைப்பீர்கள். அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வந்திருந்தது, பிள்ளைகள் மூன்றும் அங்கே பிறந்தவை, இந்த இடங்களைப் பற்றி அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. விசயம் தெரிந்த வழிகாட்டி வருவார் என்று எழுதியிருந்தீர்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் காசு கட்டினேன்.

ஏழரைக்கு வரவேண்டிய வான் ஒன்பது இருபதுக்கு வந்தது. ஏசி வேலை செய்யவில்லை. சரி, அதை விடுங்கள்.

கோட்டைக்குள் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உங்கள் வழிகாட்டித் தம்பி இதை ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டு நிழல் தேடிப் போய்விட்டார். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் பிடித்துத்தான் ஒல்லாந்தர் ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றினார்கள் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளே இடிந்து கிடந்த கற்குவியலைக் காட்டி அக்காவின் மகள் கேட்டபோது "பழைய சிறைச்சாலை" என்றார். அம்மாவுக்கு வந்ததே கோபம். அது 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம், 1990 சண்டையில் அழிந்தது, அது முழுசாக நின்ற காலத்தில் அம்மா கண்ணால் பார்த்திருக்கிறா. சின்னவன் மதிலில் ஒரு கல்லுக்குள் விரலை விட்டுப் பார்த்து, பூப்பூவாக இருக்கிறதே, இது கல்லா சிப்பியா என்று கேட்டான். முருகைக்கல்லடா, கடலுக்குள்ளே இருந்து வந்தது என்று நான்தான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். வழிகாட்டி போனில் இருந்தார்.

அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? ஒரு விற்பனை நிலையத்துக்கு. உங்கள் பட்டியலில் இல்லாத இடம், ஒன்றேகால் மணித்தியாலம். எங்கள் அம்மாவுக்கு ஒடியலும் பனங்கட்டியும் விற்கப் பார்த்தார்கள், வீட்டில் தானே பனம்பழத்தில் பினாட்டுப் போடுகிறவவுக்கு! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். சாரதிக்கு அங்கே தேத்தண்ணியும் வடையும் வந்ததைப் பார்த்ததும் எனக்கு விசயம் விளங்கிவிட்டது.

நல்லூரில் திருவிழா நேரம் கோவிலைச் சுற்றி வீதிகளை மறிப்பார்கள் என்பதுகூட சாரதிக்குத் தெரியவில்லை. 25 நாள் நடக்கிற திருவிழா, யாரிடமாவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி, கடைசியில் மந்திரிமனையை வானின் யன்னலால் பார்த்ததுதான் மிச்சம். சங்கிலியன் வாசலில் இறங்கிப் படம் எடுக்க ஐந்து நிமிடம் கிடைத்தது.

இனி நான் எழுத வந்த விசயம். கந்தரோடைக்கு எப்போது திரும்புவோம் என்று அத்தான் கேட்டார். "அங்கே ஒண்டும் இல்லை அண்ணை, கொஞ்சம் கல்லுத்தான், எல்லாரும் அதை விட்டிட்டுத்தான் போறவை" என்று பதில் வந்தது. ஒன்றும் இல்லாத இடத்துக்கு ஏன் காசு வாங்கினீர்கள்? பெரியதும் சிறியதுமாகப் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருக்கிற அந்தத் தாதுகோபங்களைப் போல யாழ்ப்பாணத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. நூறு வருடத்துக்கு முன்பே வரலாற்று ஆய்வாளர் போல் பீரிஸ் வந்து தோண்டிப் பார்த்த இடம், உரோம நாணயம்கூடக் கிடைத்த மண். அக்காவின் மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள், அவள் இந்தப் பயணத்தில் பார்க்க ஆசைப்பட்டதே அது ஒன்றைத்தான்.

கசூரினாவுக்குப் போகும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. முழங்கால் தண்ணியில் வெகுதூரம் நடக்கக்கூடிய கடல், பிள்ளைகள் இறங்கிக் கால் மணித்தியாலம் ஆகவில்லை, மேலே நின்று ஹோன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இருட்டிவிட்டதாம். காலையில் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தது யார்?

அடுத்த நாள் ஓட்டோ பிடித்து மூத்தவளைக் கந்தரோடைக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணித்தியாலம் அசையாமல் நின்று பார்த்தாள். ஓட்டோவுக்கு 3,500 ரூபா. அதற்குப் பற்றுச்சீட்டு கேட்காதீர்கள், எந்த ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டு தருகிறார்?

அந்தக் காசையும், போகாத இடத்துக்கும் பார்க்காத இடத்துக்குமாக 12,000 ரூபாவையும் சேர்த்து 15,500 ரூபா திருப்பித் தாருங்கள். அடுத்த பயணத்துக்குக் கழிவு தருகிறோம் என்று உங்கள் அலுவலகப் பிள்ளை போனில் சொன்னா, எனக்கு அது வேண்டாம். அக்கா ஆட்கள் 28ஆம் திகதி திரும்புகிறார்கள், அதற்கு முதல் வங்கிக் கணக்குக்குப் போட்டுவிடுங்கள். கணக்கு இலக்கம் பதிவுப் படிவத்தில் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. உங்கள் விளம்பரத்தில் கசூரினா என்று போட்டிருக்கிற படத்தில் தென்னை சாய்ந்து நிற்கிறது, அலை ஆளுயரத்துக்கு எழும்புகிறது. கசூரினாவில் நிற்பது சவுக்கு, அலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள்.