அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழட்டு

அம்மிணிக்கு, அப்பா எழுதறது.

நீ அம்மாவுக்கு அனுப்பின படத்தை நேத்து ராத்திரி பாத்தேன். தோசை நல்லா வட்டமா வந்திருக்குது. ஒரு தட்டுதான் தெரிஞ்சுது. சரி, நான் சொல்ல வந்தது அதில்ல. பின்னாடி சுவத்தோரம் வெள்ளையா ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்குதே, அதுலதான் இண்டக்சன் அடுப்பு, அதுலயே கெட்டில். அடுப்போட பெரிய பிளக்குக்கு கன்வர்ட்டர் மாட்டி 6 ஆம்பியர் ஓட்டையில சொருகி வெச்சிருக்கற. ஓட்டையோரம் காப்பிப்பொடி நெறத்துல கருகியிருக்குது. படத்தைப் பெருசாக்கிப் பாத்துட்டேன், நெழல் இல்ல. மொதல்ல அதைக் கழட்டு.

ஃபோன்ல சொன்னா "சரிப்பா, சரிப்பா"ன்னு வெச்சிருவ. இந்த மூணு வாரமா அதுவும் இல்ல. அதான் எழுதறேன்.

அடுப்புக்கு அடியில 2000 வாட்ஸ்னு போட்டிருக்கும். அதை 230 வோல்ட்டால வகு, 8.7 ஆம்பியர். கெட்டில் 1500 வாட்ஸ்னா 6.5. ரெண்டும் சேந்தா 15 ஆம்பியருக்கு மேல போகுது, 6 ஆம்பியர் பாக்ஸ் வழியா. பால் குக்கர்ல அரிசி வேக வெக்கற கதை.

அதைவிட எனக்கு அந்தக் கருகல்தான் பயம். கெட்டிலுக்கு வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா மின்தடை 35 ஓம். அது சூடாகறதுக்குன்னே செஞ்ச சுருள், சூடாகட்டும். ஆனா பிளக் லூசா ஒக்காந்திருந்தா அந்த எடத்துலயும் ஒரு மின்தடை வந்துரும். அரை ஓம் போதும். 8.7-ஐ 8.7-ஆல பெருக்கி, அதுல பாதி எடு. 38 வாட்ஸ் பக்கம் வரும். கடையில நான் ஈயம் வெக்கற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அதைவிடப் பெருசு ஒண்ணு, நீ தோசை ஊத்தி முடிக்கற வரைக்கும் அந்த பிளாஸ்டிக்குக்குள்ள காஞ்சுக்கிட்டே இருக்குது. போர்டுல தானா கட்டாகற சுவிட்ச் இருக்குதே, எம்.சி.பி, அது விழுமேன்னு நெனைக்காத. ஆம்பியர் ஏறினாத்தான் அது விழும். லூஸ் கான்டாக்ட்டுல மின்தடை கூடறதால ஆம்பியர் கொறையத்தான் செய்யும், விழாது. நாத்தம் வந்தாத்தான் தெரியும். தனியா இருக்கறவங்க தூங்கிட்டா அதுவும் தெரியாது.

தனியான்னு சும்மா எழுத்துக்குச் சொன்னேன்.

தம்பி பாஸாயிட்டான். தென்னைக்கு தண்ணி விட்டாச்சு. ஹவுஸ் ஓனர்கிட்ட ரெண்டரை ஸ்கொயர் ஒயர்ல தனி லைன், 16 ஆம்பியர் பவர் பிளக் கேளு. கேக்க சங்கடமா இருந்தா நம்பர் குடு, நான் பேசறேன். கெட்டிலையும் அடுப்பையும் ஒரே நேரத்துல போடாத. ஈ.பி. பில் வந்தா அதையும் படம் எடுத்து அனுப்பு. யூனிட்டைப் பாத்தா ஒரு வீட்டுல எத்தனை பேர் பொழங்கறாங்கன்னு ஓரளவு எனக்குத் தெரிஞ்சுரும். வேண்டாம், பில் அனுப்ப வேண்டாம். பாக்ஸை மட்டும் கழட்டு.

கணக்கு உனக்குத் தெரியாததில்ல. பத்தாவதுல எனக்கே சொல்லிக் குடுத்தவ நீ. 100 வாட்ஸ் பல்புக்கு மின்தடை 529 ஓம்னு எழுதிக்கிட்டு கடைக்கு வந்த. நான் பல்பைக் கழட்டி மீட்டரை வெச்சேன், 40 ஓம் காட்டுச்சு. ரீவைண்டிங்குக்கு மோட்டார் கொண்டாந்தவங்க, பசங்க எல்லாரும் இருந்தாங்க. "நோட்டுல இருக்கறது வேற, கையில இருக்கறது வேற, போ"ன்னு சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் நீ கடைப்பக்கம் வரல. பி.காம். எடுத்த. அது நீயா எடுத்த முடிவுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்.

அந்த வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அம்மிணி. பல்பை எரியவிட்டு மீட்டரை சீரிஸ்ல போட்டுப் பாத்தேன். 0.43 ஆம்பியர். 230-ஐ அதால வகுத்தா நீ எழுதினதுதான். 40 ஓம்னா 5.75 ஆம்பியர் இழுத்து 1300 வாட்ஸுக்கு மேல போயிருக்கோணும், அது பல்பு இல்ல, இஸ்திரிப்பெட்டி. இழை ஆறிக் கெடக்கறப்ப நான் அளந்தேன், எரியறப்ப உள்ள கணக்கை நீ போட்ட. சூடானா இழையோட மின்தடை பத்துப் பதிமூணு மடங்கு ஏறும். சாயந்திரம் சொல்லலாம்னு வந்தேன். நீ படிச்சுக்கிட்டிருந்த. நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டேன். பன்னெண்டு வருசம் ஆச்சு.

மாப்பிள்ளை வீட்டுக்கு மொதல்ல போயிப் பாத்துட்டு வந்ததும் நான்தான். நல்ல எடம்னு சொன்னதும் நான்தான்.

எதுக்கு ரூம் மாத்தினன்னு நான் கேக்கல. அம்மாவும் கேக்க மாட்டா, சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டரை ஒயர் 15 மீட்டர் வெட்டி வெச்சாச்சு, பவர் பிளக்கும் வாங்கியாச்சு. சனிக்கெழமை ராத்திரி ரயில்ல வாரேன். மெயின் போர்டு கதவுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் ஒரு படம் அனுப்பு. ஒயர் பத்துமான்னு பாக்கோணும்.

அப்பா