பட்டன் இருக்கிறது, காஜா இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் 22 ஆண்டுகளாகத் தையற்கடை நடத்திவருகிறேன். பரதநாட்டிய உடைகளும் பள்ளி ஆண்டுவிழா வேடங்களுமே என் பிழைப்பாக இருந்தன. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் என்னும் காமிக்ஸ் ரசிகர் விழா முதன்முறையாகச் சென்னையில் நடந்தபோது, காமிக்ஸ், அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் கதாபாத்திரங்களின் உடைகளைத் தைத்துத் தரும்படி கல்லூரிப் பிள்ளைகள் என் கடையைத் தேடி வரத் தொடங்கினார்கள். இப்படிக் கதாபாத்திரங்களைப் போல வேடம் கட்டுவதைக் குறிக்கும் காஸ்பிளே என்ற சொல்லையே அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். கிரீடமும் புஜகிரீடமும் கட்டி விடிய விடிய ஆடும் கூத்துக் கலைஞர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வேடம் கட்டுவதில் இந்தப் பிள்ளைகள் காட்டிய சிரத்தை சொந்த ஊர்க்காரரைச் சந்தித்தது போன்ற மகிழ்ச்சியைத் தந்தது. அந்த உரிமையில்தான், திருத்திய படங்களையும் செயற்கை நுண்ணறிவால் மாற்றிய படங்களையும் எந்த அளவுக்கு ஏற்பது என்பது பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு மாணவி இணையவழிப் போட்டி ஒன்றுக்காக ஏழு வாரம் உழைத்தாள். மார்க்கவசத்தை ஃபோம் தகட்டில் வெட்டி, ஹீட் கன்னால் வளைத்து, பசை ஒட்டி, மூன்று முறை வண்ணம் பூசினாள்; உள்ளே அணியும் அங்கியை நான் தைத்துக் கொடுத்தேன். படத்தை எடுத்தபடியே அனுப்பினாள். பரிசோ வேறொருவருக்குப் போனது; அவருடைய படத்தை எனக்குக் காட்டவே பின்னர் கடைக்கு வந்தாள். கைப்பேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது தோளில் பூவேலைப்பாடு தெளிவாக இருந்தது. வலது தோளில் அதே பூ இதழ் எது, காம்பு எது என்று பிரிக்க முடியாமல் குழம்பிக் கிடந்தது. இடுப்புக் கச்சையின் ஓரம் தோலோடு கரைந்திருந்தது. முன்பக்கம் வரிசையாகப் பட்டன்கள் இருந்தன, ஒன்றுக்குக்கூடக் காஜா இல்லை. "இதை எப்படிக்கா தைச்சிருப்பாங்க?" என்று அவள் கேட்டாள். தைத்த உடையாக இருந்தால் அல்லவா என்னால் பதில் சொல்ல முடியும்? பரிசு பெற்றவரும் உண்மையிலேயே ஓர் உடையைத் தைத்து உடுத்தியிருக்கக்கூடும். ஆனால் அவர் கைவேலை எதுவரை, கணினி சேர்த்தது எதுவரை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதபடி அந்தப் படம் ஆகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

படத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிச்சத்தைக் கூட்டுவதும் நிறத்தைச் சீர்செய்வதும் பின்னணியில் தெரியும் குப்பைத்தொட்டியை நீக்குவதும் புகைப்படக்காரரின் வேலைதான். கதையில் மந்திரவாதியின் கையில் நெருப்பு எரிகிறது என்றால், மாடியில் நின்று எடுத்த படத்தில் நெருப்பைச் சேர்ப்பது அழகே. அதை நிஜ நெருப்பென்று எவரும் நம்பப்போவதில்லை. நான் கோடு போட விரும்பும் இடம் உடையும் உடலும்தான். துணி, கவசம், வேலைப்பாடு, ஒப்பனை ஆகியவை காஸ்பிளே செய்பவர் தம் கையால் செய்ததாகப் பார்ப்பவர் நம்பும் பொருள்கள். அவற்றில் ஒரு மடிப்பைக் கணினி சேர்த்திருந்தாலும் அதைப் படத்தின் கீழே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கைத்திறனுக்குப் பரிசளிக்கும் போட்டியில் அத்தகைய படத்தைச் சேர்க்கவே கூடாது.

உடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாகவேண்டும். கைப்பேசிச் செயலிகள் பல, கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்குகின்றன, இடையைக் குறுக்குகின்றன. கறுத்த நிறமுடைய ஒரு பிள்ளை, தன் தோலுக்குப் பொருந்தும் ஜரிகை நிறத்தைத் தேடி என்னோடு சௌகார்பேட்டையில் ஒரு பகல் முழுவதும் அலைந்தாள். அவள் தோழி எடுத்து அனுப்பிய படத்தில் அவளுடைய தோல் நிறமே இல்லை. அந்தப் பாத்திரத்தின் நிறம் வெளுப்புதானே என்று யாரோ சமாதானம் வேறு சொன்னார்களாம். அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். உடலின் அளவையோ தோலையோ மாற்றிய விளம்பரப் படங்களில் அதை அறிவிக்கும் குறியீடு இருக்கவேண்டும் என்று நார்வே நாட்டில் 2022 ஜூலை முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகள் தங்களுக்குள் பகிரும் படங்களுக்குச் சட்டம் வேண்டாம். அந்த நேர்மை போதும். பிறர் படத்தை அவர் சம்மதமின்றி எடுத்து ஆடையையோ உடலையோ மாற்றுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. அது குற்றம்; வேடம் கட்டிப் பொதுவெளிக்கு வந்தவர்தானே என்ற சாக்கு அதற்குச் செல்லாது.

இதனால் என் தொழிலிலும் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தைக் கொண்டுவந்து, இதேபோல் வேண்டும் என்கிறார்கள். கழுத்து இறுக்கமாக இருக்கிறது, முதுகில் ஜிப் இல்லை, பக்கவாட்டில் கொக்கி இல்லை. தலை எந்த வழியாக நுழையும்? தைக்க முடியாது என்று நான் சொன்னால், எனக்குத் திறமை போதாது என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

உண்மையைக் கண்டறிவது முடியாத காரியமும் அல்ல. மேடைப் போட்டிகளில் நடுவர்கள் உடையை அருகில் வைத்துப் பார்க்கிறார்கள். உள்தையலைப் புரட்டிப் பார்க்கிறார்கள். வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்னும் செய்திப் புகைப்படப் போட்டியில், 2015ஆம் ஆண்டு இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களின் மூலக் கோப்புகளை வாங்கி ஒப்பிட்டு, அவற்றில் 20 சதவீதத்தை விதிமீறிய திருத்தத்துக்காக நீக்கினார்கள். இணையவழிப் போட்டி நடத்துவோரும் திருத்தாத மூலப்படம் ஒன்று, உடை பாதி தைத்த நிலையில் ஒன்று, உட்புறத்தைப் புரட்டிக் காட்டுவது ஒன்று என மூன்று படங்களைக் கூடவே கேட்கலாம். ஏழு வாரம் உழைத்தவரிடம் இவை எப்படியும் கைப்பேசியிலேயே இருக்கும்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இவ்வகைப் படங்களை வெளியிடும்போது, உடுத்தியவர் பெயரோடு உடையைச் செய்தவர் பெயரையும், படத்தில் ஏதேனும் மாற்றியிருந்தால் என்ன மாற்றினார்கள் என்பதையும் படக்குறிப்பில் ஒரு வரியாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு தையற்கலைஞர்,
பெரம்பூர், சென்னை.