முதியோரின் மறதியும் வீடு தேடி வரும் மருத்துவமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் நோய்க்கான லெக்கனமாப், டோனனெமாப் ஆகிய புதிய மருந்துகளைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அவை அகற்றுவது உண்மைதான். ஆயினும் லெக்கனமாப் 18 மாத ஆய்வில் நோயின் வேகத்தை ஏறத்தாழ 27 சதவீதம் குறைத்ததே தவிர, போன நினைவை மீட்டுத் தரவில்லை. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ உண்டாகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கவும் வேண்டும். அணைக்கட்டு, பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்து முதியவருக்கு இது எந்தக் காலத்தில் எட்டும்?

நமக்கு உடனே பயன்படக்கூடியது வேறொன்று. செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, தனிமை உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால், டிமென்ஷியா எனும் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் கணித்தது. காது கேட்கும் கருவி பற்றி அமெரிக்காவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பங்கேற்ற அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்த முதியவர்களிடம் மட்டும், மூன்றாண்டுகளில் அறிவுத்திறன் சரிவது 48 சதவீதம் மட்டுப்பட்டது. தறிச் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்த குடியாத்தம் நெசவாளர்களை எண்ணும்போது இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

வேலூருக்கும் இத்துறையில் பங்குண்டு. மறதி நோய் பற்றிப் பல நாடுகளில் நடந்த '10/66' ஆய்வில் இந்தியக் கிராமப்புறத்தின் சார்பாக இடம்பெற்றது வேலூர்ப் பகுதியே. 2008இல் வெளியான அதன் முடிவில், அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் அளவுகோல்படி இங்கு முதியோரில் நோயாளிகள் வெறும் 0.3 சதவீதம். நம் ஊரில் நோய் இல்லை என்று இதற்குப் பொருளில்லை; "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிடும் இடத்தில், அந்த அளவுகோலுக்கு நோய் அகப்படுவதில்லை.

எனவே, 2021 முதல் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள், அறுபது வயதைக் கடந்தோரின் செவியையும் பார்வையையும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் விடை சொல்லக்கூடிய சில எளிய கேள்விகளால் நினைவாற்றலையும் சோதிக்க அரசு வகைசெய்ய வேண்டும். முதற்கட்டமாகக் கணியம்பாடி ஒன்றியத்தில் இதைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.