மலாவிக்கு மைக்கோடு போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இசைத் தயாரிப்பாளர்களே, விழா அமைப்பாளர்களே,

ஆப்பிரிக்க நாடான மலாவியின் பாடகர்களைத் தேடி நீங்கள் போனதால்தான் நான் அவர்களைக் கேட்கிறேன். அந்த நன்றி என்றும் உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

மலாவிப் பாடகர் கேஸ்பர் நாலி வாசிக்கும் பபடோனியைப் பாருங்கள். ஆளைவிட நீளமான கருவி, ஒரே ஒரு கம்பி. ஒரு கையால் காலி பீர் பாட்டிலைக் கம்பியின் மேல் நகர்த்துகிறார், மறு கையிலுள்ள குச்சியால் தட்டுகிறார், காலால் மாட்டுத்தோல் டிரம்மை அடிக்கிறார், கூடவே பாடுகிறார். அந்த பீர் பாட்டில் கொஞ்சம் பிசகினாலும் சுருதி போய்விடும். எத்தனை வருடச் சாதகம் இது! ஆனால் இப்படிப்பட்டவர்களைப் பற்றி வரும் அறிமுகக் குறிப்புகளில் வறுமைதான் பத்தி பத்தியாக ஓடுகிறது. கருவி பழைய சாமானில் செய்தது, வாசிப்பவர் ஏழை, அவ்வளவுதான். யாரிடம் கற்றார், சிச்சேவா மொழியில் என்ன பாடுகிறார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. என் மனம் ஆறவில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1960-களில் ஆஸ்திரிய ஆய்வாளர் கெர்ஹார்ட் கூபிக் மலாவி இசைக்கலைஞர்களான கச்சாம்பா சகோதரர்களைச் சந்தித்தார். இளையவர் டொனால்டு அப்போது குழலில் குவேலா என்ற தென்னாப்பிரிக்கத் தெரு இசையை வாசிக்கும் சிறுவன். கூபிக் பதிவு செய்துகொண்டு ஊர் திரும்பியதோடு விடவில்லை. பின்னாளில் டொனால்டின் குழுவிலேயே கிளாரினெட் வாசித்தார், அவரோடு நாடு நாடாகப் போனார். குழு டொனால்டின் பெயரில்தான் இருந்தது.

மதாலிட்சோ பேண்ட் என்ற மலாவி இசைக்குழுவின் இருவரும் 2017-இல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் நடக்கும் சவுத்தி சா புசாரா இசை விழா மேடை ஏறினார்கள். 2019-இல் அவர்களின் ‘வசலாலா’ இசைத்தொகுப்பு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே மலாவித் தலைநகர் லிலாங்வேயின் தெருக்களில் அவர்களைச் சுற்றிக் கூட்டம் நின்று கேட்டிருக்கிறது. இன்று யார் கேட்கத் தகுந்தவர் என்று அந்தக் கூட்டத்திடமே முதலில் விசாரியுங்கள்.

பிறகு பணம். மலாவியில் 1992 முதல் கொசோமா என்ற பதிப்புரிமைச் சங்கம் இயங்குகிறது. நீங்கள் பதிவு செய்யப் போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஒப்பந்தத்தின் சட்டமொழி எப்படிப் புரியும்? ஒப்பந்தத்தைச் சிச்சேவாவிலும் எழுதிக் கொடுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் காட்ட அவகாசம் கொடுங்கள், பாட்டு அவன் பெயரில் கொசோமாவில் பதிவான பிறகு மைக்கை வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இசைத்தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு ரசிகன்