அந்த வீதியில் எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

திருகோணமலை மக்களுக்கும், இங்கிருந்து மட்டக்களப்பு வரையுள்ள கரையோர வீதியில் எங்கள் படத்துக்கு உதவிய ஒவ்வொருவருக்கும் வணக்கம்.

திரையிடல் நல்லபடியாக நடந்து முடிந்தது. அன்று மண்டபத்தில் இருந்த கூட்டத்திலும் பேச்சிலும் பலருடைய கையைப் பிடித்து நன்றி சொல்ல முடியவில்லை. படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலையும் எல்லோரும் வாசித்திருக்க மாட்டீர்கள். சொல்ல வேண்டியதை எழுதியே சொல்லிவிடுகிறேன்.

வர முடியாமல் போனவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தங்கையின் கல்யாணத்துக்கு முன் அம்மம்மாவின் பழைய தையல் மெஷினை மட்டக்களப்பில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பெண் திருகோணமலையிலிருந்து புறப்படுகிறாள். பஸ் ஓடாத நாள். ஓர் ஓட்டோக்காரன் சவாரிக்குச் சம்மதிக்கிறான். சீனன்குடா, கிண்ணியா, மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி என்று வண்டி போகப் போக இருவருக்கும் மனம் ஒட்டிவிடுகிறது. கல்லடிப் பாலத்தடியில் அவள் கூலியை ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கி நடக்கிறாள். படம் அங்கே முடிகிறது. கையில் பணம் அதிகம் இல்லாமல், நண்பர்கள் சேர்ந்து எடுத்த சுயாதீனப் படம். பெரிய நடிகர்கள் இல்லை, பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. இப்படியான படத்தை இருந்து பார்ப்பார்களா என்ற பயம் கடைசி வரைக்கும் எனக்கு இருந்தது.

நீங்கள் இருந்து பார்த்தீர்கள். சும்மா பார்க்கவில்லை, படத்தோடு பேசிக்கொண்டே பார்த்தீர்கள்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா வண்டி கடக்கும் ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். திரையில் பெயர்ப்பலகை தெரிவதற்கு முன்பே அவர் வாயில் ஊர்ப் பெயர் வந்துவிடும். அதே வீதியால் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவராம். வெருகலில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் தெரிந்ததும் எழுந்து கும்பிட்டார், பின்வரிசைக்காரர்கள் மறைக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காட்சியில் நாயகனும் நாயகியும் முதல் தடவையாகச் சிரிக்கிறார்கள். அவர் கும்பிட்டதையும் அவர்கள் சிரித்ததையும் ஒரே நேரத்தில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

சம்பூரிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் படம் முடிந்த பிறகு என்னிடம் வந்தார். 2006இல் சண்டை வந்தபோது கைக்குழந்தையோடு வெருகல் பக்கம் ஓடியவர். வாகரை, பிறகு மட்டக்களப்பு முகாம், நிலம் விடுவிக்கப்பட்ட பிறகுதான் மறுபடி ஊர். அந்த வீதியை நினைத்தால் தனக்குக் கால் வலிதான் நினைவுக்கு வரும் என்றார். அதே வீதியில் இரண்டு இளம் பிள்ளைகள் கச்சான் கொறித்துக்கொண்டு கதை பேசிப் போவதைப் பார்க்க நெஞ்சு நிறைந்துவிட்டது என்றும் சொன்னார். நான் காதல் கதை ஒன்றைத்தான் எடுக்க நினைத்தேன். அதற்கு இப்படி ஒரு கனம் இருக்கும் என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்றும் தெரியாமல்தான் நின்றேன்.

கிண்ணியாவிலிருந்து வந்த நானா படத்தில் தண்ணீரைக் காட்டும் இடங்களில் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பாதைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அது. இளம் பெண் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கீழே பார்க்கும் காட்சிக்கு நாங்கள் இசை சேர்க்கவில்லை. சேர்க்காததற்காக அந்த நானா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். படத்தில் வருவது வேறு இடம், கிண்ணியாப் பாலம். அது 2009இல் திறக்கப்பட்டது. 396 மீட்டர் நீளம். ஓட்டோவில் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன் படகுத் துறையில் காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு நிமிடத்தின் அருமை தெரியும். மண்டபத்தில் அந்தக் காட்சியில் எழுந்த கைதட்டல் எங்கள் ஒளிப்பதிவுக்காக எழுந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். அப்படி எழுந்ததில்தான் எனக்கு மகிழ்ச்சி.

சிங்கள உபதலைப்பு எழுதித் தந்த தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எழுத்து வசனத்தைவிடச் சற்று முந்தி வருவதால், சிங்கள நண்பர்கள் முதலில் சிரித்தார்கள், தமிழ் கேட்பவர்கள் அவர்களுக்குப் பின்னால் சிரித்தார்கள். இரண்டு அலையாக வந்த அந்தச் சிரிப்பை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கலாம் என்று இப்போதும் ஆசையாக இருக்கிறது.

காற்றைப் பற்றிப் பேசிய கடற்தொழிலாளர் ஐயாவையும் மறக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று என்று சொல்லிவிடலாம், வாடை வேறு மாதிரி இரையும் என்றார். அந்தப் பாராட்டு முழுவதும் எங்கள் ஒலிப்பதிவாளருக்குச் சேர வேண்டியது. ஓட்டோவின் இயந்திரச் சத்தத்துக்குள் வசனம் பதிய வழியே இல்லை. நடிகர்கள் இருவரையும் பிறகு ஓர் அறைக்குள் இருத்தி, சுவரெல்லாம் மெத்தை சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பேசவைத்துப் பதிந்தோம். காற்றை மட்டும் அப்படிப் பதிய முடியாது. அவர் ஒலிவாங்கிக்குக் கம்பளி உறை மாட்டிக்கொண்டு தனியாகக் கதிரவெளிப் பக்கம் போய், பனைகளுக்கு இடையில் படுத்திருந்து பதிந்து வந்தார். அதை ஒருவர் காதால் அடையாளம் கண்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் பெரிய வெகுமதி.

கூலிச் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. ஆசனத்தில் அவள் வைத்த பணத்தை அவன் எடுத்தானா இல்லையா என்று தொடங்கிய வாக்குவாதம் மண்டபத்தைத் தாண்டி வீதிக்கே போய்விட்டது. எடுத்தால் காதல் இல்லை என்று ஒரு பக்கம். எடுக்காவிட்டால் பெற்றோல் அடிக்க அவன் என்ன செய்வான் என்று ஓட்டோச் சாரதிகள் மறுபக்கம். பெண்கள் சிலர் கேட்டது வேறு கேள்வி: அவள் ஏன் கூலியை வைத்தாள் என்பதை யாரும் பேசவில்லையே, கடன் வைக்காமல் இறங்கினால்தானே பிறகு விரும்பியபோது அவளாகத் திரும்பி வரலாம்? எழுதும்போது நானே அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. விளக்கம் சொல்லும்படி பலர் கேட்டீர்கள். நான் சொல்லப் போவதில்லை, அந்தப் பெண்கள் சொன்னதைவிட நல்ல விளக்கம் என்னிடம் கிடையாது.

கதிரவெளிக்கும் வாகரைக்கும் நடுவில் படம் இழுக்கிறது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். வெளிப்படையாகச் சொன்னதற்கு மனமார்ந்த நன்றி, சேர். அந்த நீண்ட காட்சியை நான் வெட்டப் போவதில்லை. பேச்சே இல்லாமல் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப் பழகுவதுதான் அந்த இடம். ஆனாலும் உங்களைப் போல ஒருவர் எழுந்து நின்று சொல்லும் மண்டபம்தான் எங்களுக்கு வேண்டும்.

இனிப் படப்பிடிப்பில் உதவியவர்கள். ஓட்டோவைத் தந்த அண்ணன், தன் உழைப்பையே நிறுத்திவிட்டுத் தந்தார். வண்டியின் பக்கத் திரையைக் கழற்றி கமராவுக்கு வழி செய்ததும் அவர்தான். மூதூரில் எங்களை யாரென்றே தெரியாமல் முற்றத்தில் இருத்தி, புட்டும் மீன் குழம்பும் பரிமாறி, சட்டியோடு எருமைத் தயிர் தந்துவிட்ட உம்மாவுக்கு எங்கள் சலாம். பனிச்சங்கேணியில் வெளிச்சம் போகும் வரை மீன் ஏற்றும் லொறியை எங்களுக்காக ஓரம் கட்டிய தம்பிமார், கதிரை இறக்கிய மாணவர்கள், மின்சாரம் நின்றபோது ஜெனரேட்டரோடு ஓடிவந்த அண்ணன், எல்லோருக்கும் நன்றி.

ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். நாயகியாக நடித்த தங்கையின் அம்மா. பெண் பிள்ளையைப் படத்தில் நடிக்க விடுவதா என்று உறவுக்குள் எழுந்த பேச்சை எல்லாம் தானே தாங்கிக்கொண்டு, படப்பிடிப்பு நடந்த ஒவ்வொரு நாளும் பின்னால் வந்த வானில் குடையும் தேத்தண்ணீர்ப் போத்தலுமாக எங்களோடு வந்தார். வெயில் ஏறியதும் மகளுக்குப் பிடிக்கும் குடையை நடித்த பையனுக்கும் சேர்த்துப் பிடிப்பார். காட்சி எடுக்கும்போது மட்டும் வானுக்குள் போய் மறுபக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார், மகள் கூச்சப்படக்கூடாது என்று. திரையிடலன்று முன்பு குறை பேசிய உறவினர்களையும் அவரே அழைத்து வந்து தன் பக்கத்தில் இருத்தினார். படம் முடிந்ததும் அவர்களில் ஒரு மாமி அந்தத் தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா, இந்தப் படம் உங்கள் துணிச்சலில் எடுக்கப்பட்டது.

மூதூர், ஈச்சிலம்பற்று, கதிரவெளி, வாகரை ஊர்களிலிருந்து தங்கள் பக்கமும் படத்தைக் காட்டச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வருவோம். புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் நாங்கள் கொண்டு வருகிறோம். வெள்ளையடித்த சுவர் ஒன்றும் மின் இணைப்பும் இருந்தால் போதும், டிக்கெட் கிடையாது. வாடை மழை தொடங்கிவிட்டால் திறந்த வெளியில் காட்ட முடியாது. ஆகவே ஐப்பசிக்கு முன்பாக உங்கள் ஊருக்குத் தோதான நாளைச் சொல்லி அனுப்புங்கள்.