எட்ஜுக்கு ஒரு எண் கொடு, மாப்ள

மண்டபம்
ஆனி 12

அன்பு மாப்ள,

நலம், நலமறிய ஆவல். 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கிவிட்டன. தென்கடலில் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. வடகடல் பரவாயில்லை.

நீ அனுப்பிய கிராஃப் லைப்ரரி வரைவைப் பார்த்தேன், ஊர்களை முனையாகவும் அவற்றை இணைக்கும் வழிகளை எட்ஜாகவும் வைக்கும் நிரலைத்தான். இறங்குதளத்திலிருந்து சந்தைக்கு மீன் வண்டி போக வழி சொல்லத்தான் என்றாய். மிகக் குறைந்த எடையில் வழி தேடும் டைக்ஸ்ட்ரா, அடுக்கடுக்காகத் தேடும் பிஎஃப்எஸ் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன, அவற்றில் கைவைக்க ஒன்றுமில்லை. இடிப்பது ஏபிஐதான், அதாவது மற்றவர்கள் கூப்பிடும் ஃபங்ஷன்கள். வெளியே மூன்று ஃபங்ஷன் வைத்திருக்கிறாய்: எட்ஜ்சேர்(அ, ஆ, எடை), அண்டை(அ), எடை(அ, ஆ). எடை என்றால் அந்த வழியின் தூரமோ நேரமோ. மூன்றாவதைக் கிழித்துப் போடு. அது போனால் மற்ற இரண்டும் தானாக மாறும்.

ஏன் என்று நம் ஊர்க்காரனுக்கு விளக்கவே வேண்டாம். மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே எத்தனை வழி? 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்று, ரயில் பாலம் ஒன்று. இரண்டே முனை, நடுவில் இரண்டு எட்ஜ். (பாடநூல் ‘விளிம்பு’ என்கிறது. எனக்கு வாயில் வருவது எட்ஜ்தான். ‘முனை’ மட்டும் ஒட்டிக்கொண்டது, அரிச்சல்முனையைப் பார்த்து வளர்ந்ததால் இருக்கும்.) எடை(மண்டபம், பாம்பன்) என்று கேட்டால் எந்தப் பாலத்தின் எடை வரும்? நீ அகராதிக்குள் அகராதி வைத்திருக்கிறாய், அதில் ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான். அதனால் இரண்டாவதாகச் சேர்த்தது முதலாவதை அழித்துவிடும், எர்ரர்கூட வராது. சாலையை முதலில் சேர்த்து ரயிலை அடுத்துச் சேர்த்தால் மீன் லாரி தண்டவாளத்தில் ஓடும்.

உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் லைப்ரரியில் சாதாரண கிராஃபும் அதே ஜோடியை மறுபடி சேர்த்தால் பழைய எட்ஜின் பண்புகள்மேலேயே எழுதுகிறது. இரண்டும் வேண்டுமென்றால் மல்டிகிராஃபுக்குப் போக வேண்டும், அங்கே ஒவ்வொரு எட்ஜுக்கும் தனிச் சாவி உண்டு. ஜாவாவின் ஜேகிராஃப்டியில் இணை எட்ஜ் (ஒரே ஜோடிக்கு நடுவே இன்னொரு எட்ஜ்) அனுமதிக்காத கிராஃபில் மறுபடி சேர்த்தால் நல், அதாவது வெறுமை, திரும்பும். திரும்பி வந்ததைப் பார்க்காதவனுக்கு அதுவும் மௌனம்தான். இதில் வேடிக்கை, இந்தத் துறை பிறந்ததே இணை எட்ஜோடுதான். ஆய்லர் 1736-ல் எடுத்துக்கொண்ட கோனிக்ஸ்பெர்க் கணக்கில் நாலு நிலம், ஏழு பாலம். நடுத்தீவுக்கும் ஒவ்வொரு கரைக்கும் இடையே இரண்டிரண்டு பாலம்.

ஆகவே எட்ஜ்சேர்(அ, ஆ) ஒரு எட்ஜ் எண்ணைத் திருப்பித் தரட்டும். அதன்பின் எட்ஜைப் பற்றிய எந்தக் கேள்வியும் அந்த எண்ணை வைத்தே நடக்க வேண்டும். உள்ளே வைக்கும் முறை எளிது. திசையில்லாத ஒவ்வொரு எட்ஜையும் இரண்டு அரை எட்ஜாக வை: எட்ஜ் எண் ‘எ’ என்றால் போவது 2எ, வருவது 2எ+1. ஒன்றின் எதிர்த்திசை வேண்டுமா, கடைசி பிட்டைப் புரட்டு. எட்ஜ் எண் வேண்டுமா, இரண்டால் வகு. அல்காரிதங்களுக்கு வெளியே தெரிய வேண்டியவை மொத்தம் ஐந்தாறுதான்: முனைகளின் எண்ணிக்கை, ஒரு முனையிலிருந்து புறப்படும் அரை எட்ஜ்கள், ஓர் அரை எட்ஜின் தொடக்க முனை, முடிவு முனை, அதன் ஜோடி, அதன் எட்ஜ் எண். அண்டை(அ) வேண்டுமென்பவன் இதன்மேல் இரண்டு வரியில் எழுதிக்கொள்ளட்டும்.

இதன் பலன் பாலம் தேடும் அல்காரிதத்தில் பளிச்சென்று தெரியும். நான் சொல்வது கிராஃபில் ‘பாலம்’ எனப்படும் எட்ஜ், எடுத்தால் கிராஃப் இரண்டு துண்டாகிவிடும் எட்ஜ். டார்ஜன் என்ற கணினி அறிஞரின் முறையில் டிஎஃப்எஸ் (ஆழமாகப் போய்த் தேடுவது) ஓட்டி, ஒவ்வொரு முனைக்கும் நுழைந்த வரிசை எண்ணையும் அதன் கிளையிலிருந்து எட்டக்கூடிய மிகச் சிறிய வரிசை எண்ணையும் குறிக்கிறோம். அடுத்து நுழைந்த பிள்ளை முனையின் சிறிய எண் அதற்கு முந்தைய தாய் முனையின் வரிசை எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அந்த எட்ஜ் ஒரு பாலம். வந்த வழியே திரும்பக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘தாய் முனையைத் தவிர்’ என்று எழுதிவிடுகிறார்கள். மண்டபத்திலிருந்து சாலை வழியே பாம்பனுக்கு வந்தவன் ரயில் எட்ஜைப் பார்த்து, ‘இதுவும் மண்டபம்தானே’ என்று விட்டுவிடுவான். முடிவில் சாலைப் பாலம் போனால் தீவு துண்டாகும் என்பான். எழுத வேண்டியது ‘வந்த அரை எட்ஜின் ஜோடியைத் தவிர்’ என்று. உன் பழைய ஏபிஐயில் அதை எழுதவே வழியில்லை, ஏனென்றால் அங்கே எட்ஜுக்கு அடையாளமே கிடையாது.

டைக்ஸ்ட்ராவின் விடையும் அப்படித்தான். நீ ஒவ்வொரு முனைக்கும் ‘முந்தைய முனை’ வைக்கிறாய். அதற்குப் பதில் ‘வந்த அரை எட்ஜ்’ வை. முந்தைய முனை அதன் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். பாம்பனுக்கு முன் மண்டபம் என்று மட்டும் சொன்னால் டிரைவருக்கும் சரி, ஸ்டேஷன் மாஸ்டருக்கும் சரி, பிரயோசனமில்லை.

அடுத்து எடை. அதை எட்ஜுக்குள்ளே பதித்துவிடாதே. ஒரே சாலைக்கு தூரம் ஒரு எடை, நேரம் ஒரு எடை, வழியில் கரையும் ஐஸ் இன்னொரு எடை. எடையை அல்காரிதத்துக்குக் கொடுக்கும் ஃபங்ஷனாக வை, அல்லது எட்ஜ் எண்ணால் எடுக்கும் தனி வரிசையாக வை. ஃபங்ஷன் வாங்குவது எட்ஜாக இல்லாமல் அரை எட்ஜாக இருக்கட்டும். கடல் வழியைச் சேர்க்கும்போது புரியும். கச்சான் காற்றில் மேற்கே போகிற வள்ளமும் கிழக்கே வருகிற வள்ளமும் ஒரே தூரத்துக்கு ஒரே நேரம் எடுக்காது. குறை எடை (மைனஸ் எண்) வந்தால் டைக்ஸ்ட்ரா தப்பான விடையைத் தைரியமாகச் சொல்லும், அதனால் வாசலிலேயே சோதித்து நிறுத்து. இன்னொன்று, ‘முடிவிலி’க்கு இன்ட் வகையின் மிகப் பெரிய எண்ணை வைத்திருக்கிறாய். அதோடு எதையாவது கூட்டினால் எண் வழிந்து பெரும்பாலும் குறை எண்ணாகிவிடும், எட்ட முடியாத ஊர்தான் மிக அருகில் என்று விடை வரும். எட்டவில்லை என்பதைத் தனி நிலையாகவே வை. -1 என்றும் திருப்பித் தராதே.

புதிய ரயில் பாலத்தில் நடுவே 72.5 மீட்டர் நீளத்துக்கு மேலே தூக்கும் தூக்கு இருக்கிறதே, கப்பல் போகும்போது ரயில் நிற்க வேண்டும். இதை நேரத்தோடு மாறும் எடையாக எழுதப் போகிறாய் என்று தெரியும். தூக்கு மேலே இருக்கும்போது வருபவனுக்கு ‘முடிவிலி’ என்று சொல்லாதே. அப்படிச் சொன்னால் 10 மணிக்கு வந்தவன் போகவே முடியாது, 10:30-க்கு வந்தவன் போய்விடுவான். முந்தி வந்தவன் பிந்திப் போகிற நிலை வந்தால் டைக்ஸ்ட்ராவின் அடிப்படையே ஆட்டம் காணும். காத்திருக்கும் நேரத்தையும் கடக்கும் நேரத்தையும் கூட்டிக் கொடு, சரியாகிவிடும்.

நீக்குவதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. இந்த மாதிரி லைப்ரரிகளில் அதிகம் கடிக்கிற இடம் இதுதான். முனை எண்ணை வரிசையின் இடமாகவே வைத்தால், நடுவில் ஒன்றை நீக்கியதும் மற்றவற்றின் எண் மாறுகிறது. சி++ பூஸ்டின் வெக்டர் வகைக் கிராஃபில் நீக்கியதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஒரு எண் இறங்கும். ரஸ்டின் பெட்கிராஃபில் சாதாரண வகை கடைசி முனையைக் காலியான இடத்துக்கு நகர்த்தும், அதைத் தவிர்க்க ‘ஸ்டேபிள்’ வகை தனியாக உண்டு. வெளியே எவனாவது பழைய எண்ணைக் கையில் வைத்திருந்தால் அது இப்போது வேறு ஊர். தனுஷ்கோடி ரயில் நிலையம் 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. அதன் எண்ணை இன்னொரு நிலையத்துக்குக் கொடுத்தால் 1964-க்கு முந்தைய ரயில்கள் எல்லாம் அந்த இன்னொரு நிலையத்தில் போய் நிற்கும். 64 பிட் எண்ணில் பாதியை இடத்துக்கும் பாதியைத் தலைமுறைக்கும் கொடு. நீக்கும்போது அந்த இடத்தின் தலைமுறையை ஒன்று கூட்டு. எண்ணும் இடமும் ஒரே தலைமுறையைச் சொல்லாவிட்டால் எர்ரர் கொடு. எட்ஜுக்கும் இதே முறைதான், ஜோடி இரண்டையும் சேர்த்தே நீக்க வேண்டும்.

பல நேரம் நீக்கவே தேவையில்லை, மறைத்தால் போதும். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை பாம்பன் மேல் ரயில் ஓடவில்லை, அதற்காக எட்ஜை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பாயா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு வழிகள் கிடையாது, நாட்டுப்படகு வழிகள் உண்டு. ‘இந்த எட்ஜ் தெரியுமா’ என்று ஆம், இல்லை சொல்லும் ஒரு ஃபங்ஷனை வாங்கிக்கொண்டு வடிகட்டிய ஒரு பார்வையை மட்டும் திருப்பித் தா, நகல் எடுக்காதே. அந்தப் பார்வையில் முனை எண்ணிக்கை கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே முடிவு செய். பூஸ்டின் வடிகட்டிய கிராஃப் மூலக் கிராஃபின் எண்ணிக்கையையே சொல்கிறது. முதலில் பார்க்கும்போது பிழை மாதிரிதான் தெரியும். ஆனால் அல்காரிதம் முனை எண்ணால் வரிசைகளை அடுக்குகிறது, மூல அளவு தெரியாவிட்டால் வரிசைக்கு வெளியே போய் எழுதிவிடும். எனவே ‘எண் எல்லை’, ‘தெரியும் முனைகள்’ என்று இரண்டு ஃபங்ஷனாகப் பிரி.

ஊர்ப் பெயரையே சாவியாக வைத்திருப்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீ எட்ஜ்சேருக்குள் முனை இல்லாவிட்டால் தானே உருவாக்குகிறாய். ஒரு எழுத்து தப்பினால் பேய் ஊர் ஒன்று முளைக்கும், அதற்குப் போக வழி இருக்கும், அங்கிருந்து வேறெங்கும் போக இருக்காது. முனைசேர் தனி, எட்ஜ்சேர் தனி, தெரியாத முனைக்கு எர்ரர் என்று வை. தமிழில் இன்னும் மோசம். ‘தொண்டி’யை எடு. அந்த ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். முதல் வகையில் 6 குறியீடு, இரண்டாவதில் 7. திரையில் ஒன்றுபோல இருக்கும், அகராதியில் இரண்டு தொண்டி உட்காரும். வாசலிலேயே என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றி, பெயர்-எண் அட்டவணையை லைப்ரரிக்கு வெளியே தள்ளிவிடு. உள்ளே எண்கள் மட்டும் போதும்.

சேமிப்பு முறை பற்றி நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், அவ்வளவு தேவையில்லை. முனைக்கு முனை கட்டம் போடும் மேட்ரிக்ஸ் வேண்டாம். 10,000 முனைக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் என்றாலே 10 கோடி பைட். சாலை வலையில் 40,000 அரை எட்ஜ் இருந்தால், புறப்படுபவற்றை முனைவாரியாக ஒரே வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு முனையும் எங்கே தொடங்குகிறது என்று இன்னொரு வரிசை வைத்தால், 4 பைட் எண்களில் சுமார் 2 லட்சம் பைட்டில் முடிந்துவிடும். எட்ஜ் எண்ணையும் கூட வைத்தால் இன்னும் 1.6 லட்சம். கட்டுவது மூன்று நடை: எண்ணு, தொடக்கங்களைக் கூட்டிக்கொண்டே போ, நிரப்பு. ஆனால் இதில் ஒன்றை நடுவில் செருக முழுவதையும் நகர்த்த வேண்டும். ஆகவே மாற்றக்கூடிய கிராஃப் ஒரு வகை, உறைந்த கிராஃப் இன்னொரு வகை என்று வை. உறைந்ததில் எட்ஜ்சேர் என்ற ஃபங்ஷனே இருக்கக் கூடாது. உறையும்போது எட்ஜ் எண்கள் மாறாமல் பார்த்துக்கொள், இல்லாவிட்டால் வெளியே வைத்த எடை வரிசைகள் எல்லாம் வீண்.

டிஎஃப்எஸ்ஸை ரிகர்ஷனில், அதாவது தன்னையே கூப்பிடும் ஃபங்ஷனாக, எழுதியிருக்கிறாய். நம் கடற்கரைச் சாலை கயிறு மாதிரி நீளமானது. சாயல்குடியிலிருந்து தொண்டி வரை ஒவ்வொரு வளைவையும் முனையாகப் போட்டால் ஆழம் ஆயிரக்கணக்கில் போகும். பைத்தானில் ரிகர்ஷன் எல்லை இயல்பாக 1000-தான். கையால் ஒரு ஸ்டாக் வை, அதில் முனையோடு ‘எத்தனையாவது அரை எட்ஜில் நிற்கிறேன்’ என்பதையும் வை.

முதல் டெஸ்டுக்கு இதை எடுத்துக்கொள். நாலு முனை: மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அரிச்சல்முனை. முதல் இரண்டு இடைவெளியிலும் சாலை ஒன்று, ரயில் ஒன்று. கடைசி இடைவெளியில் சாலை மட்டும். மொத்தம் 5 எட்ஜ், டிகிரி (ஒரு முனையில் சேரும் எட்ஜ்கள்) 2, 4, 3, 1, கூட்டினால் 10. பாலம் ஒன்றே ஒன்று வர வேண்டும்: ராமேஸ்வரம்–அரிச்சல்முனை. ரயிலை மறைத்த பார்வையில் மூன்று வர வேண்டும். மறைக்காமலே மூன்று வந்தால் தாய் முனையைத் தவிர்த்திருக்கிறாய்.

திருத்திய வரைவை அனுப்பு. வரும்போது தங்கச்சி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. கச்சான் அடங்கிய பிறகு வந்தால் நல்லது.

உன் மச்சான்